குச்சியைக் காட்டு

போன வாரம் பிரகாஷை ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். உள்ளேயிருந்து வரும் டாக்டர் என்ன சொல்லப் போகிறார் என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். கோவிந்தம்மாள் போய்விட்டாள்.

ஆடிக் கிருத்திகை, அதுவும் வெள்ளிக்கிழமை. திருத்தணி முழுக்க மஞ்சள் வேட்டியும் காவடியுமாக நிரம்பி வழிந்த காலை நேரத்தில் போனாள். "முருகன் நாள்ல போயிருக்குது, புண்ணியவதி" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். புண்ணியவதியின் மகனுக்கு அதைக் கேட்கக் கேட்க எரிச்சல்தான் வந்தது. அம்மா இன்னும் பத்து வருஷம் பாவியாகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாம்.

காவடிக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் சிக்கி, வீடு வந்து சேர மதியம் ஆனது. வந்தவுடன் பிரகாஷ் செய்த முதல் வேலை, ஐஸ் பெட்டிக்குச் சொல்லி அனுப்பியது. அதிலேயே முதல் சண்டை ஆரம்பித்தது.

"இன்னாத்துக்குடா ஐஸ் பெட்டி? பொழுது சாய்றதுக்குள்ள எடுத்துறணும்."

சொன்னவர் பஞ்சாட்சரம். கோவிந்தம்மாளின் அண்ணன், பிரகாஷுக்குத் தாய்மாமன். அம்மையார்குப்பத்தில் பவர்லூம் வைத்திருக்கிறார். தங்கைக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைத் தன் தறியிலிருந்தே எடுத்துக்கொண்டு வந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்திருந்தார். அழுகை முடிந்ததும் ஆக வேண்டியதைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா வரட்டும் மாமா."

"அது எங்க இருந்துடா வரும்? இப்ப பொறப்பட்டாகூட நாளைக்கு சாயங்காலம் ஆவும். நாளைக்கு இன்னா கெழம?"

பிரகாஷ் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான்.

"சனிப்பொணம் தனியா போவாது. உங்க தாத்தாவ சனிக்கெழமதான் எடுத்தோம். பாடையில கோழிய கட்டி, எல்லாம் முறையாத்தான் பண்ணோம். அடுத்த மாசம் என் சின்னப் பொண்ணு போயிட்டா. இங்க ஒருத்தி வயித்துல புள்ளையோட இருக்கறா. நெனச்சிப் பாத்தியா நீ?"

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிரகாஷின் அக்கா கவிப்பிரியா ஸ்பெயினில், சான் செபாஸ்டியன் என்கிற கடற்கரை ஊரில் இருக்கிறாள். இப்போது ஆறு மாதக் கர்ப்பம். போன வருஷம் வந்தது தங்கவில்லை. இது தங்க வேண்டும் என்று கோவிந்தம்மாள் மலை ஏறாத கிருத்திகை இல்லை. பிரசவத்துக்குப் போக பாஸ்போர்ட்கூட எடுத்து பீரோவில் வைத்திருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடக்கிறாள் என்று தெரிந்ததும் மகள் அங்கே ஒரு பிடிவாதம் பிடித்தாள். "அம்மா என்கிட்ட பேசற வரைக்கும் நான் சாப்புட மாட்டேன்." முந்தின நாளிலிருந்து வயிற்றுப் பிள்ளைக்காரி தண்ணீரும் ரெண்டு வாழைப்பழமுமாகக் கிடக்கிறாள். புருஷன் ஆனந்தன் வேலையாக மாட்ரிட் போயிருக்கிறான். வீட்டில் அதட்டிச் சொல்ல ஆள் கிடையாது.

"புள்ளத்தாச்சி பொணத்த பாக்கவும் கூடாது" என்றார் பஞ்சாட்சரம். "என்ன கேட்டா அதுக்கு இப்ப சொல்லவே வேணாம். பெத்து எழுந்திரிக்கட்டும்."

"மூணு மாசமா மாமா? தெனமும் அம்மாவுக்கு ஃபோன் பண்றவகிட்ட மூணு மாசம் இன்னா சொல்றது?"

"அப்ப சொல்லு. சொல்லிட்டு ஃபோன்லயே மூஞ்ச காட்டிடு. பொழுதோட எடுத்துரலாம்."

பிரகாஷுக்குச் சனிக்கிழமையில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்பிக்கை இல்லை என்று வாய் விட்டுச் சொல்ல அன்று பயமாக இருந்தது. அவன் வீராப்பாகப் பேசிவிடலாம். நாளைக்கு ஏதாவது ஆனால் அனுபவிக்கப் போவது அவன் இல்லை, அக்கா. அதனால் தலையை ஆட்டினான். ஆட்டியதற்காகத் தன்னையே வெறுத்தான்.

ஒன்றை மட்டும் தனக்குள் உறுதி செய்துகொண்டான். சொல்வதற்கு முன்னால் அக்கா சாப்பிட்டாக வேண்டும்.

நம் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாவுச் செய்தி கொண்டு போகிறவன், கேட்கப் போகிறவன் சாப்பிட்டானா என்றுதான் முதலில் பார்ப்பான். தட்டில் கை வைத்திருந்தால் வாசலிலேயே நிற்பான். காதில் விழுந்துவிட்டால் அப்புறம் எடுத்து முடிக்கிற வரை ஒரு வாய் சோறு இறங்காதே. பிரகாஷ் அதைத்தான் செய்ய நினைத்தான். அவனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது யார் என்று அந்த அவசரத்தில் அவனுக்கு நினைவு வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

அதற்குள் இன்னொரு இடி. மாமா மகன் டில்லிபாபு, அத்தையின் படத்துக்கு மாலையும் குத்துவிளக்கும் ஒட்டி, 'கண்ணீர் அஞ்சலி' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏற்றிவிட்டிருந்தான். வேலை என்றால் ஒளிந்துகொள்கிற பயல், இதில் மட்டும் காற்றாய்ப் பறப்பான்.

"எட்றா அத! அக்கா பாத்தா இன்னாடா ஆவறது?"

"பாவா, இப்பதான் போட்டேன் பாவா. இதோ எடுத்துட்டேன். அவங்க பாத்திருக்க மாட்டாங்க, அங்க இன்னும் மத்தியானம்கூட ஆவல."

பிரகாஷ் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். வீட்டிலிருந்து பேச முடியாது. பந்தல் போடுகிற சத்தம், ஒப்பாரி, மேளக்காரர்கள் வேறு வந்துவிட்டார்கள். திருத்தணியில் ஆடிக் கிருத்திகை அன்று சத்தமில்லாத ஓர் இடம் தேடுவது எவ்வளவு பெரிய வேலை என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ரோடு முழுக்க அரோகரா. டீக்கடையில் நிற்க இடமில்லை. ஸ்டேஷன் பக்கம் ஸ்பெஷல் ரயில் கூட்டம்.

கடைசியில் அனீஸின் ஷெட்டுக்குப் போனான். அனீஸ் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், அரக்கோணம் ரோட்டில் பைக் மெக்கானிக். ஜும்மா தொழுகைக்கு மூடிய கடையை, செய்தி கேட்டதால் திறக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"பின்னாடி போய் உக்காருடா. ஷட்டர எறக்கிடறேன். யாரும் வர மாட்டாங்க" என்றான். பிறகு, "நீ எதனா சாப்டியா?" என்று கேட்டான்.

"அக்கா சாப்புடட்டும்."

அனீஸ் ஷட்டரை இறக்கினான்.

கவிப்பிரியா முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

"அம்மா?" என்றாள். வேறு வார்த்தை இல்லை.

"தூங்குதுக்கா" என்றான் பிரகாஷ். பொய் சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவன். இது பொய்யில்லை என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டான். "வீடியோ போட முடியலக்கா. ஊரெல்லாம் கூட்டம், சிக்னல் இழுக்குது."

"பேசிச்சா?"

"ஆங். காலைல பேசிச்சி. நீ மொதல்ல சாப்புடு, அப்பறம் எல்லாம் சொல்றேன். அம்மாதான் உன்ன சாப்புட சொல்லிச்சி."

இது முழுப் பொய். கோவிந்தம்மாள் கண்ணையே திறக்கவில்லை.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு கவிப்பிரியா மெதுவாகக் கேட்டாள். "இன்னான்னு சொல்லிச்சி? அம்மா சொன்ன மாரியே சொல்லு."

பிரகாஷ் கண்ணை மூடிக்கொண்டான். "'பட்டினி கெடந்து முருகன பயமுறுத்த வேணாம்னு சொல்லு அவகிட்ட. நல்ல கடையா பாத்து, உக்காந்து, நிம்மதியா துன்னுட்டு வர சொல்லு.'"

அச்சு அசல் அம்மாவின் பேச்சு அது. எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த அனீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சரி" என்றாள் கவிப்பிரியா. "அப்ப கடைய யாரு சொல்றது? அம்மாதான தூங்குது."

அம்மாவுக்கும் மகளுக்கும் ரெண்டு வருஷமாக ஒரு விளையாட்டு இருந்தது. கவிப்பிரியா வெளியே சாப்பிடுகிற நாளெல்லாம் வீடியோவைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பாள். எந்தக் கடை என்று தீர்ப்புச் சொல்வது கோவிந்தம்மாள். அந்த ஊரில் சின்னச் சின்னக் கடைகள். ஒரு விரல் நீள ரொட்டித் துண்டு, அதன் மேல் காளானோ மீனோ குடைமிளகாயோ, எல்லாம் சரியாமல் இருக்க நடுவில் ஒரு குச்சி. பிஞ்சோ என்று பேராம். கோவிந்தம்மாளுக்கு அது வாயில் நுழையவில்லை. குச்சிக்கடை என்றே சொல்லிவந்தாள்.

தீர்ப்புக்கு அவள் வைத்திருந்த சட்டம் திருத்தணியில் படித்தது. கிருத்திகைக்கு வருகிறவன் பசிக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹோட்டலில் நுழைவான், உள்ளூர்க்காரன் நுழைய மாட்டான். "நின்னுகினே முழுங்கற கடைக்குப் போவாத. வயசானவங்க உக்காந்து மெதுவா சாப்புடறாங்களா பாரு. கடைக்காரங்க அவங்கள பேர் சொல்லி கூப்புடறாங்களா பாரு. அதான் கடை." சாப்பிட்டு முடித்ததும் "குச்சியைக் காட்டு" என்பாள். தட்டில் கிடக்கிற குச்சிகளை மகள் காட்ட வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவுடன் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தவள் அல்லவா, பழக்கம் விடவில்லை.

"நான் சொல்றேன் கடைய" என்றான் பிரகாஷ்.

கவிப்பிரியா வீடியோவைப் போட்டாள். நெற்றியில் விபூதி. கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது. படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தெருவுக்கு வந்ததும் கேமராவைத் திருப்பினாள்.

அங்கேயும் திருவிழாவாம். பெரிய பெரிய பொம்மைத் தலைகளை மாட்டிக்கொண்டு ஆட்கள் ஆடிப் போனார்கள், பின்னால் பிள்ளைகள் ஓட்டம். "நம்ம பொய்க்கால் குதிர மாரி இல்ல?" என்றாள். பாலத்தைத் தாண்டி, பழைய ஊர்ப் பக்கத்துக் கடை ஒன்றைக் காட்டினாள். வாசல் வரை ஆட்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

"இது வேணாம்" என்றான்.

"திரும்பப் பாலத்தத் தாண்டி எங்க தெருப் பக்கம் போவட்டா?"

"ஆங். மெதுவா நட. எதனா ஒரு பெஞ்சுல உக்காந்துட்டு போ."

அவள் மெதுவாகத்தான் நடந்தாள். ரொம்ப மெதுவாக. கடைக் கண்ணாடிகளைக் காட்டினாள், ஒரு நாயைக் காட்டினாள், அம்மாவுக்குப் பிடித்த நீலப் பூச்செடியைக் காட்டினாள். ஷெட்டின் தகரத்தில் மேளச் சத்தம் வந்து மோதியது. ரெண்டு தெரு தள்ளி, அவன் வீட்டு வாசலில் அடிக்கிற மேளம்.

"இன்னா மேளம்டா அது?"

"காவடிக்கா."

"ம்" என்றாள்.

அடுத்து ஒரு கடை. உள்ளே டிவி அலறியது. "வேணாம்" என்றான். மூன்றாவது கடை தெருமுனையில், நான்கே மேஜைகளோடு இருந்தது. ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்து, எந்த அவசரமும் இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஓர் அம்மாள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். தடித்த மூக்குக்கண்ணாடி. இவளுக்குக் கோவிந்தம்மாள் வைத்த பெயர் கண்ணாடிக்காரம்மா.

"இதுதான். இங்க உக்காரு" என்றான் பிரகாஷ். அம்மா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

கண்ணாடிக்காரம்மா ஃபோனைப் பார்த்ததும் சிரித்தபடி குனிந்தாள். திரையில் வழக்கமாகத் தெரிகிற முகத்தைத் தேடினாள். "அமா?" என்று கேட்டாள். அவர்கள் பாஷையிலும் அம்மாவுக்கு அமாதான் என்று கவிப்பிரியா எப்போதோ சொல்லியிருக்கிறாள். பிரகாஷ் வாயைப் பொத்திக்கொண்டான்.

கவிப்பிரியா அந்த அம்மாளிடம் ஏதோ சொன்னாள். பிறகு தம்பியிடம், "இன்னிக்கி கிருத்திக, மீனும் முட்டையும் ஆவாது. மீதில எது எடுக்கறது, நீயே சொல்லு" என்றாள்.

"காளான் ரெண்டு. அந்த சுட்ட கொடமொளகா. அக்ரூட் வெச்ச சீஸ் ஒண்ணு."

"கை வலிக்குது. ஃபோன மேஜ மேல வெக்கறேன். சாப்புடறப்ப பேசாத, அம்மா திட்டும்."

திரையில் இப்போது கடையின் கூரை மட்டும் தெரிந்தது. ஒரு விளக்கு, சில பாட்டில்கள். தட்டு வைக்கிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம். பிரகாஷ் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாமாவின் ஃபோன் வந்தது, வெட்டினான். மறுபடி வந்தது, வெட்டினான். இந்தச் சாப்பாடு மட்டும் ஒழுங்காக முடிந்துவிடட்டும் என்று வேண்டினான். அம்மாவைக் காப்பாற்றாத முருகனிடம்தான் வேண்டினான். வேறு யாரைத் தெரியும் அவனுக்கு?

"சாப்டேன்" என்றாள்.

"குச்சியைக் காட்டு."

வாய் தவறி வந்துவிட்டது. அந்தப் பக்கம் மூச்சு ஒன்று தடுக்கியது. பிறகு கேமரா இறங்கியது. வெள்ளைத் தட்டு, ரொட்டித் துணுக்குகள், நாலு குச்சி.

பிரகாஷ் அன்றைக்கு முதல் முறையாக நன்றாக மூச்சு விட்டான். அம்மாவுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. இதையாவது செய்துவிட்டோம்.

"அக்கா..." என்று ஆரம்பித்தான்.

"எப்படா போச்சி?"

பிரகாஷ் ஃபோனை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"காலைலயா?" என்றாள் கவிப்பிரியா.

"டில்லி ஸ்டேட்டஸ பாத்தியா?"

"இன்னா ஸ்டேட்டஸ்? நான் எதயும் பாக்கல." அவள் குரல் நிதானமாக இருந்தது. அந்த நிதானம்தான் அவனைப் பயமுறுத்தியது. "நைனா போனப்ப உன் ஹாஸ்டலுக்கு யாருடா வந்தது? சந்துக்குள்ள சந்து நொழஞ்சி, கூட்டமில்லாத மெஸ்ஸா தேடி யாரு உன்ன கூட்டிகினு போனது? நீ மோர் ஊத்தி சாப்டு கை கழுவற வரைக்கும் நான் வாயத் தொறக்கல. மொதல்ல சாப்புடு, அப்பறம் எல்லாம் சொல்றேன்னேன். அதயே நீ என்கிட்ட சொல்றியேடா."

பிரகாஷ் உடைந்துபோய் அழுதான். பழைய டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அப்பா செத்தபோது அழுத அந்தப் பையனாகவே அழுதான். தனக்குச் செய்த உபகாரத்தை, செய்தவளிடமே திருப்பிச் செய்யப் போயிருக்கிறான். எடுத்த எடுப்பிலேயே சாவைச் சொல்லி அவளைக் கொன்றுவிட்டு, சாப்பிடு சாப்பிடு என்று தெருத் தெருவாக நடக்க வைத்திருக்கிறான்.

"தெரிஞ்சிகினே ஏங்க்கா வந்த?"

"நீ வாயால சொல்ற வரைக்கும் அம்மா இருக்குது இல்ல? அது வரைக்கும் நடக்கலாம்னுதான். இந்தத் தெரு இன்னும் கொஞ்சம் நீளமா இருந்திருக்கலாம்."

"சாப்டல்ல. அது போதும்க்கா எனக்கு."

கேமரா நகர்ந்தது. பக்கத்து மேஜைப் பெரியவர் தெரிந்தார். அவருக்கு முன்னால் தட்டு இல்லை. கேமரா திரும்பி வந்தது. கவிப்பிரியாவின் மடிக்குப் பக்கத்தில், நாற்காலி மேல் இன்னொரு தட்டு. காளான் ரெண்டு, குடைமிளகாய் ஒன்று, சீஸ் ஒன்று. குச்சி குத்தியது குத்தியபடி.

"முன்ன காட்னது அவரோட தட்டு. கேட்டு வாங்கினேன். முழுங்க முடியலடா எனக்கு. நீயாவது நிம்மதியா சொல்லி முடிக்கட்டும்னு காட்னேன்."

அனீஸ் வந்து பிரகாஷின் முதுகில் கை வைத்தான். மேளம் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

"காவடி மேளம் எனக்குத் தெரியாதா?" என்றாள் கவிப்பிரியா. "எப்ப எடுக்கறாங்க?"

"மாமா சாயங்காலம்றாரு."

"எடுக்காதீங்க. நான் வர்றேன். டிக்கெட் எப்டினா புடிச்சி வர்றேன்."

"நாளைக்கு சனிக்கெழமக்கா. புள்ளத்தாச்சி வேற..."

"மாமா சொல்லுவாரு. நீ இன்னா சொல்ற?"

பிரகாஷ் தலை குனிந்தான்.

"உனக்கும் பயம். இல்ல?"

"போன வருஷம் ஆன மாரி..."

"போன வருஷம் எந்தப் பொணம்டா வந்து கூப்டிச்சி?" இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "யாரும் கூப்புடல. எந்தக் கெழமயும் பண்ணல. அதுவா போச்சி. அம்மாவும் இப்ப அதுவா போச்சி. எனக்கு இன்னும் இன்னாடா பயம் மிச்சம் இருக்குது? மூஞ்சி பாக்கணும், அவ்வளவுதான்."

"அக்கா, ஒரே ஒரு வாயாவது..."

"போ. அம்மாகிட்ட போய், நான் சாப்டேன்னு சொல்லு. அது கேக்கும். பொய் சொன்னன்னா கண்டுபுடிச்சிடும், சரியா சொல்லு."

திரை அணைந்தது.

அனீஸ் ஒரு டம்ளரில் டீயும் ஒரு பன்னும் நீட்டினான். பிரகாஷ் பன்னைக் கையில் வாங்கினான். பிய்த்தான். அதை அப்படியே ஸ்டூல் மேல் வைத்துவிட்டு எழுந்து போனான்.

வீட்டு வாசலில் பச்சை மூங்கிலைப் பிளந்து பாடை கட்டி முடித்திருந்தார்கள். பஞ்சாட்சரம் கோடிப் புடவையைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். மருமகனைக் கண்டதும் பரபரத்தார். "எங்கடா போன? சீக்கிரம் தலைக்கு தண்ணி ஊத்திகினு வா. கொள்ளி வெக்கறவன் நீ இல்லாம எப்டி எடுக்கறது?"

பிரகாஷ் அவரைத் தாண்டி உள்ளே போனான். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் மண்டியிட்டான். கண்ணாடி பனி பூத்திருந்தது. துடைத்தான். அம்மாவின் காதுக்கு நேராகக் குனிந்தான்.

"அம்மா. அக்கா சாப்டா. கண்ணாடிக்காரம்மா கடைலதான். கூட்டமே இல்ல. உக்காந்து, மெதுவாதான் சாப்டா. காளான், கொடமொளகா. நாலு குச்சி. நானே பாத்தேன்."

பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். கோவிந்தம்மாளின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பொய்யைக் கண்டுபிடித்தாளா இல்லையா என்று சொல்ல இனி அவளால் ஆகாது. அது தெரிந்தபோதுதான் அம்மா இல்லை என்பது பிரகாஷுக்கு முழுசாக உறைத்தது.

எழுந்து வாசலுக்கு வந்தான்.

"இன்னிக்கி எடுக்கல மாமா. அக்கா வர்றா."

"பைத்தியமாடா நீ?" பஞ்சாட்சரத்தின் கை அவன் சட்டையைப் பற்றியது. கோபத்தால் இல்லை, பயத்தால். சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய கை அது. "வேணாம்டா. சொன்னா கேளு. அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும்டா."

"நல்லா இருப்பா மாமா. இப்பதான் பேசினேன்."

அப்போது கையில் ஃபோன் அதிர்ந்தது. அக்காவின் நம்பர். கிளம்பிவிட்டேன் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்து, மேளக்காரர்களைக் கை காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு எடுத்தான்.

"அக்கா?"

அக்காவின் குரல் இல்லை. கண்ணாடிக்காரம்மா. மூச்சு வாங்க, மளமளவென்று அவள் பாஷையில் கொட்டினாள். பின்னால் நாற்காலிகளை இழுத்துத் தள்ளுகிற சத்தம், அந்தப் பெரியவர் யாரையோ கூவி அழைக்கிற சத்தம். "கவி, கவி" என்றாள். மற்றது எதுவும் பிரகாஷுக்குப் புரியவில்லை.

அவள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே ஒரே ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "அமா? அமா?"

அம்மாவிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்கிறாள்.